பியூட் நகரத்துச் செம்பு ராஜாவின் மாளிகை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்று ஒரு சுரங்க ஊர். அங்கே 34 அறைகளோடு நிற்கும் செங்கல் மாளிகையைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. செம்புச் சுரங்கங்களால் பெரும் பணக்காரரான வில்லியம் கிளார்க் 1884-இல் தொடங்கி 1888-இல் கட்டி முடித்தது. ஓவியம் தீட்டிய விதானங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், மேல்மாடியில் நடன அரங்கு... அப்படி ஒரு வேலைப்பாடு!

ஆனால் அந்தப் பணம் செய்த வேலை கோபத்தைக் கிளப்புகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் பதவி பெற, அப்போது செனட்டர்களைத் தேர்ந்தெடுத்த மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்கு லஞ்சம் கொடுத்த விவகாரம் விசாரணைக்கு வர, கிளார்க் 1900-இல் விலகினார். அப்புறம் 1901-இல் மறுபடியும் செனட்டராகிவிட்டார். செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1913-இல் வந்த அரசியல் சட்டத் திருத்தத்துக்கு இந்த மாதிரி ஊழல்களும் ஒரு காரணம்.

நியூயார்க்கில் அவர் கட்டிய 121 அறை வீடு, 1925-இல் அவர் இறந்து இரண்டே வருஷத்தில் இடிக்கப்பட்டது. பியூட் வீடு தப்பித்தது. சில காலம் கன்னியாஸ்திரீகளின் மடமாக இருந்து, பிறகு தங்கும் விடுதியானது.

இதே ஊரில் 1917-இல் ஸ்பெக்குலேட்டர் சுரங்கத் தீயில் 168 தொழிலாளர்கள் செத்தார்கள். அது கிளார்க்கின் சுரங்கம் அல்ல. ஆனாலும் மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அவர்களின் நினைவிடத்துக்கும் போய் வாருங்கள்.