51 ஓட்டு

மார்க்சிஸ்ட் கட்சியோட மதுரை முன்னாள் எம்எல்ஏ தோழர் நன்மாறன் பத்தி பேசுறப்ப எல்லாரும் அவரோட எளிமையைத்தான் சொல்றாங்க, அவரு ஜெயிச்ச கதையையும் கொஞ்சம் சொல்லணும்ங்க. 2001ல மதுரை கிழக்குல முதல் தடவை ஜெயிச்சாரு, அப்போ மார்க்சிஸ்ட் கட்சி அதிமுக கூட்டணியில இருந்துச்சு. 2006ல கூட்டணி அப்படியே மாறி திமுக பக்கம், எதிர்ல மதிமுக பூமிநாதன். எண்ணி முடிச்சப்ப வித்தியாசம் வெறும் 51 ஓட்டு! அம்பத்தொண்ணு!! ஒரு தெருக்காரங்க ஓட்டு போட வராம இருந்தா ரிசல்ட்டே மாறியிருக்கும். (அதே பூமிநாதன் 2021ல மதுரை தெற்குல, இந்தத் தடவை திமுக கூட்டணியில நின்னு ஜெயிச்சாரு.)

ரெண்டு தடவை எம்எல்ஏவா இருந்த மனுஷன், கடைசி வரைக்கும் வாடகை வீடுதான், ஆட்டோ பஸ்லதான் போவாரு. மேடை ஏறினா சிரிக்க சிரிக்கப் பேசுவாரு, மேடைக் கலைவாணர்னு சும்மாவா சொன்னாங்க. 2021ல குடிசை மாற்று வாரிய வீடு ஒண்ணு ஒதுக்கித் தாங்கன்னு மதுரை கலெக்டர்கிட்ட மனு கொடுத்தாரு, அதே வருஷம் அக்டோபர்ல போயிட்டாரு. அந்த மனு நியூஸ் பார்த்த அன்னைக்கு எனக்கு சோறு இறங்கலை. மதுரைக்காரங்க யாராச்சும் அவரு பேச்சை நேர்ல கேட்டிருந்தா கமெண்ட்ல எழுதுங்க ப்ளீஸ், இப்போ ஓட்டு போடுற பசங்களுக்கு அவரைத் தெரியணும்.