சாம்பார் சாய்ந்த பக்கம்

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் கிரிவலம் முடித்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் சென்னை பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். வலது பக்கம் மூன்று பேர் சீட். ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தப் பக்கம் மகள். மகளுக்கு மறுநாள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தேர்வு. அம்மா மடியில் அத்தை கொடுத்தனுப்பிய சாம்பார், எவர்சில்வர் தூக்கில் தளும்பத் தளும்ப. மூடி மட்டும் வேறு ஏதோ தூக்கினுடையது. "ராத்திரிக்கு இட்லி ஊத்தினா போதும்டா" என்று அம்மா அதை வாங்கிக்கொண்டபோதே எனக்கு மனசு சரியில்லை.

பஸ் ஊரைத் தாண்டியதும் மகள் கேட்டாள். "அப்பா, வேகத்துக்குத் திசை உண்டா, கிடையாதா?"

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. "கிடையாதும்மா. திசையும் சேர்ந்தா திசைவேகம். பேர்லயே இருக்கே."

"இவர் உண்டுங்கிறாரே" என்று போனை நீட்டினாள். ஓர் ஆசிரியர் பலகையில் எழுதி அழகாக நடத்திக்கொண்டிருந்தார். "வேகம் ஒரு காவிக்கணியம்" என்றார், அதாவது திசையும் சேர்ந்த அளவு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு நிமிடம் கேட்ட பிறகுதான் அவர் இலங்கை ஆசிரியர் என்று புரிந்தது. நாம் வேகம் என்பது அங்கே கதி. நாம் திசைவேகம் என்பதுதான் அங்கே வேகம். நம் முடுக்கம் அவர்களுக்கு ஆர்முடுகல், வேகம் குறைந்தால் அமர்முடுகல். (ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பஸ் மெல்ல நிற்பது போலவே இருக்கும்.)

"அப்போ நாளைக்கு என் கதி?"

"மணிக்கு 60 கிலோமீட்டர்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நம்ம பாடப்புத்தகத்தில் இருப்பதையே எழுது என்று சமாதானம் செய்து, உதாரணத்துக்கு முந்தின ராத்திரியையே எடுத்துக்கொண்டேன். 9 மணிக்கு ராஜகோபுரத்தடியில் நடக்க ஆரம்பித்தோம், 2 மணிக்கு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். தொலைவு 14 கிலோமீட்டர், நேரம் 5 மணி. சராசரி வேகம் மணிக்கு 2.8 கிலோமீட்டர். ஆனால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டதால் இடப்பெயர்ச்சி பூஜ்யம். ஆகவே சராசரி திசைவேகமும் பூஜ்யம்.

அதுவரை கண்ணை மூடியிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "என்னடா பூஜ்யம்? முட்டிவலியோட முழு மலையும் சுத்தியிருக்கேன்!"

"புண்ணியம் வேற பாட்டி, அது ஸ்கேலார், திசையே கிடையாது. குறையாது" என்று மகள் சமாளித்தாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது. ஒரு வாரமாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்து முடுக்கம். இங்கேதான் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். "அது ரொம்ப சிம்பிள். டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா முடுக்கம். அவ்வளவுதான்."

அம்மா அடிக்கொருதரம் மூடியைத் தூக்கி சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நாங்களும் பார்த்தோம். நேர்ச்சாலையில் ஒரே சீராக 60-ல் போகும்போது, வீட்டு மேடையில் வைத்தது போல சமர்த்தாக இருந்தது. முருங்கைக்காய்த் துண்டுகூட அசையவில்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஆடுகள் குறுக்கே வந்ததும் பிரேக். சாம்பார் முன்பக்கம் ஏறியது. பஸ் மறுபடி வேகமெடுத்ததும் அம்மா வயிற்றுப் பக்கம் சாய்ந்தது. "பிரேக்குக்கும் சாயுதேப்பா" என்றாள் மகள். நான் காதில் வாங்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு வளைவு. மகள் போனில் மேப்பைத் திறந்து பஸ்ஸின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவுக்கு முன்பு 36. வளைவிலும் அதே 36. பஸ் இடது பக்கம் திரும்பியது. சாம்பார் வலது பக்கம் எழுந்து, பொருந்தாத மூடியை லேசாகத் தூக்கிவிட்டு, என் வெள்ளை வேட்டியில் இறங்கியது. சூடு இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

"டிரைவர் எதையும் மிதிக்கலையே! வேகமும் மாறலை!" என்று கத்தினேன்.

"திசை மாறிச்சேப்பா. திசை மாறினா திசைவேகம் மாறும். திசைவேகம் மாறினாலே முடுக்கம்தான். ஆக்ஸிலேட்டர், பிரேக், ஸ்டீயரிங், மூணுமே முடுக்கம் கொடுக்கும்."

நான் துடைத்துக்கொண்டிருந்தபோதே அவள் நோட்டில் கணக்கும் போட்டுவிட்டாள். 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். வளைவின் ஆரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10-ஐ 10-ஆல் பெருக்கி 40-ஆல் வகுக்க, முடுக்கம் நொடிக்கு நொடி 2.5 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் கால்வாசி. சாம்பார் 14 டிகிரி சாயும். 14 சென்டிமீட்டர் அகலத் தூக்கில் ஒரு ஓரம் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரும். விளிம்புக்கு ஒரு விரல் குறைத்து ஊற்றியிருந்தாலும் சந்தேகம்தான். அத்தையோ அரை விரல்கூட விடவில்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கதான் அத்துப்படின்னீங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, மூக்கை ஒருமுறை உறிஞ்சி, "முருங்கைக்காயா?" என்று மட்டும் கேட்டார்.

செஞ்சியில் பஸ் நின்றது. அம்மா தூக்கை எடுத்து என் மடியில் வைத்தாள். "இனிமே நீயே வெச்சுக்கோ. உன் வேட்டிதான் ஏற்கெனவே நனைஞ்சு போச்சே."