ஆறடி எட்டங்குலக் கோடு

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் உடற்பயிற்சி மாஸ்டர் ஒருநாள் வெண்கட்டியை எடுத்து வகுப்பறைச் சுவரில் கை எட்டிய மட்டும் ஒரு கோடு கீறினார். ஆறடி எட்டங்குலம். "இந்த உயரத்தை இங்கே படித்த ஒருவர் பாய்ந்திருக்கிறார்" என்றார். ஒவ்வொருவராகப் போய் அதன் கீழே நின்று பார்த்தோம். எவருடைய தலையும் அருகில்கூடப் போகவில்லை.

1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்தான் அவர். அதற்கு முன்பே ஹெல்சிங்கி, மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிகளிலும் பாய்ந்தவர். எங்களுக்கு மூங்கில் தடியும் மணற் குழியும்தான். பாய்வதற்கு முன் மாஸ்டர் தாமே மண்வெட்டியால் மணலைக் கொத்தி இளக்குவார். கொத்தாத நாளில் விழுந்தால் இடுப்பு இரண்டு நாளைக்கு நோகும்.

நூலகம் எரிந்த மறு ஆண்டு, 1982இல், மேற்படிப்புக்காக லொஸ் ஏஞ்சல்ஸ் வந்தேன். எனக்கு இடம் கிடைத்தது யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில். டோக்கியோவில் பாய்ந்த காலத்தில் அவர் படித்ததும் அங்கேதான். முதல் வாரமே மெய்வல்லுநர் மைதானத்தைத் தேடிப் போனேன். 1969இல் திறக்கப்பட்ட ட்ரேக் அரங்கு அது. அவர் பாய்ந்த காலத்தில் அந்த அரங்கே கிடையாது என்று அறிந்தபோது மனம் சற்று வாடியது. ஆனால் அரங்குக்கு வைத்த பெயர் அவருடைய காலத்துப் பயிற்றுநர் டக்கி ட்ரேக்கினுடையது.

ட்ரேக்கைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில், பத்து நிகழ்ச்சிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் டெகத்லனில், அமெரிக்காவின் ரேஃபர் ஜோன்சனும் தாய்வானின் யாங் சுவான் குவாங்கும் மோதினார்கள். இருவரும் யூ.சி.எல்.ஏ. மாணவர்கள், இருவருக்கும் ட்ரேக்தான் பயிற்றுநர். மிஞ்சியிருந்தது 1500 மீற்றர் ஓட்டம் மட்டும். தங்கம் வேண்டுமானால் யாங் பத்து விநாடியாவது முந்தி ஓட வேண்டும். அவரிடம் "விலகி ஓடு" என்றும், ஜோன்சனிடம் "அவனை விடாதே" என்றும் ட்ரேக் சொன்னாராம். யாங் முந்தினார், ஆனால் ஒன்றேகால் விநாடி அளவில்தான். 8392க்கு 8334 என்ற புள்ளிகளில் ஜோன்சன் வென்றார். இருவரையும் ஏமாற்றாமல் இருவருக்கும் சரியான வழி சொன்ன அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

அந்த வழக்கம் அங்கே தொடர்ந்ததை நேரிலேயே கண்டேன். ஒரு மாலை, உயரம் பாயும் மாணவி ஒருத்தி மூன்று முறை குறுக்குத்தடியைத் தட்டி விழுத்தினாள். அவளுடன் இடத்துக்குப் போட்டியிடும் இன்னொருத்தி தடியைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, கால் ஊன்ற வேண்டிய இடத்தைத் தன் சப்பாத்து நுனியால் தரையில் தொட்டுக் காட்டினாள். நான்காம் முறை தடி அசையவில்லை.

பல்கலைக்கழகப் பெண்கள் அணி 1982, 1983 இரு ஆண்டுகளிலும் தேசிய வாகை சூடியது. ஜாக்கி ஜாய்னரும் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித்தும் ஓடிய அணி. 1984 ஒலிம்பிக்கில், ஏழு நிகழ்ச்சிகள் கொண்ட ஹெப்டத்லனில், ஜாக்கி வெறும் 5 புள்ளிகளால் தங்கத்தை இழந்தபோது, எங்கள் விடுதியே இழவு வீடாயிற்று. 1988 சியோலில் அவர் 7291 புள்ளிகள் குவித்ததும், அதே ஆண்டு ஃப்ளோரன்ஸ் 100 மீற்றரை 10.49 விநாடியில் ஓடியதும் இன்றும் உலக சாதனைகள். அந்தச் சியோலிலேயே 19 வயது மாணவன் ஸ்டீவ் லூயிஸ் 400 மீற்றரில் தங்கம் வென்றான். வெண்கலம் வென்ற டானி எவரெட்டும் யூ.சி.எல்.ஏ.காரன்தான்.

1984 தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியவர் ஜோன்சன். விடுதித் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபடி, இந்த மனிதர் படித்த நாட்களில் எங்கள் பள்ளிக்கூடத்து அண்ணரும் இதே வளாகத்தில் நடமாடியவர் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னேன். பெயரைச் சொல்லிக் கொடுக்கத்தான் நேரம் எடுத்தது. நான்கு பேருக்கு "எதிர்வீரசிங்கம்" என்று சொல்லப் பழக்கிவிட்டே படுக்கப் போனேன்.

2024இல் அவர் மறைந்த செய்தி வந்தது. அன்று மாலை கார்க் கொட்டகைச் சுவரில் அளவு நாடாவைப் பிடித்து, ஆறடி எட்டங்குலத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினேன். பேத்தி ஓடிவந்து கீழே நின்று கையை உயர்த்தினாள். எட்டவில்லை. இரண்டடி பின்னால் போய், துள்ளிப் பார்த்தாள்.