லேபிள் கழன்ற தண்ணீர்

தர்மபுரிக்காரியைக் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சிரிக்கச் சொல்வதுதான். என் முன்பற்களில் காவி ஏறியிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தக் காவிக்குப் பெயர் ஃப்ளோரைடு என்று பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரிந்தது. அதுவரை ஒழுங்காகப் பல் துலக்கவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தக் காவிதான் என்னை நிலத்தடி நீர் வேதியியலுக்கு இழுத்து வந்தது என்று சொன்னால் கொஞ்சம் நாடகம் போல இருக்கும். நேர்முகத் தேர்வில் அப்படித்தான் சொன்னேன், வேலை செய்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்கு இடம் கிடைத்தது. தலைப்பு: லிம்போபோ மாகாணத்தின் சௌட்பான்ஸ்பெர்க் மலைத்தொடரை ஒட்டிய நிலப்பிளவுகளில் வரும் வெந்நீர் ஊற்றுகளின் வேதியியல். இதே வேலையில் இறங்கப் போகும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். குறிப்பாக, நான் ஒரு பயணம் முழுவதையும் எப்படி வீணாக்கினேன் என்பது.

தென்னாப்பிரிக்காவில் வெந்நீர் ஊற்று என்றதும் என் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "எரிமலை பக்கமா போற?" என்பது. இங்கே பெருநிலப்பரப்பில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஆனாலும் 80-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. மலையில் விழும் மழை பாறை வெடிப்புகள் வழியே ஓரிரு கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பூமியே சூடு, அதில் தண்ணீரும் சூடாகிறது. பிறகு ஒரு பெரிய பிளவு குறுக்கிட்டால், அதையே குழாயாக்கிக்கொண்டு ஆறுவதற்குள் மேலே ஏறி வந்துவிடுகிறது. கென்ட் என்ற நிலவியலாளர் 1949-இல் இந்த ஊற்றுகளைத் தொகுத்து எழுதியபோது 25 டிகிரிக்கு மேல் இருந்தால் வெதுவெது, 37-க்கு மேல் சூடு, 50-க்கு மேல் கொதிசூடு என்று பிரித்தார். இன்றும் எல்லோரும் அதைத்தான் பிடித்துத் தொங்குகிறோம். நாட்டிலேயே அதிகச் சூடான ஊற்று சிலோவாம் என்ற கிராமத்தில், கிட்டத்தட்ட 67 டிகிரியில் வருகிறது. அது என் பட்டியலில் முதல் ஊற்று. மற்றவை ம்பெஃபு, சகோலே, ட்சிபிஸே.

டர்பனிலிருந்து அங்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். மாதிரிப் பாட்டில்களில் விட வேண்டிய நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொண்டு விமானத்திலும் பஸ்ஸிலும் ஏற முடியாது. நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு ஆயா வீட்டில் வாடகைக்கு இருந்தேன். 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த குடும்பம். ஆயாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் தமிழ் என் பாட்டியின் தமிழைவிடப் பழசு, நடுநடுவே ஆங்கிலம் புகுந்துவிடும். அவருடைய மருமகன்தான் வண்டி ஓட்ட வந்தார். அண்ணா என்று கூப்பிடுவேன். அவருக்குத் தமிழில் சரளமாக வருவது தேவாரமும், "தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்பதும்தான். பின்பக்கம் திறந்த சிறு லாரியை இங்கே பக்கி என்பார்கள். அவருடைய பக்கியில்தான் கிளம்பினோம்.

கிராமத்தில் நேராகப் போய் பாட்டிலை முக்க முடியாது. முதலில் ஊர்த் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டும். வெண்டா மொழி பேசும் மாணவி ஒருத்தி துணைக்கு வந்தாள். வெண்டா வணக்கத்தில் ஆண்கள் "ண்டா" என்பார்கள், பெண்கள் "ஆ" என்று இழுத்துச் சொல்ல வேண்டும். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, உள்ளே போனதும் பதற்றத்தில் கணீரென்று "ண்டா" என்றேன். முற்றத்தில் இருந்த கிழவிகள் சிரித்த சிரிப்பில் பாதி அனுமதி அங்கேயே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு கேள்வி வந்தது: "இதற்கு முன்னாலும் ஆட்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். முடிவை யாரும் வந்து சொல்லவில்லை. நீ சொல்வாயா?" சொல்வேன் என்றேன். அப்போது அதை ஒரு மரியாதைப் பதிலாகத்தான் சொன்னேன்.

முதல் பயணத்தில் ஊற்றுக்கு நான்கு பாட்டில்: அமிலம் விட்ட ஒன்று, அமிலம் விடாத ஒன்று, தண்ணீரின் பூர்வீகத்தைக் காட்டும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறிய அணுக்கள்) அளவுக்குக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பிய சிறு கண்ணாடிப் பாட்டில் ஒன்று, காரத்தன்மை பார்க்க அரை லிட்டர் ஒன்று. மொத்தம் 16. சோடியம், கால்சியம் போன்றவை பாட்டில் சுவரில் ஒட்டாமலும் அடியில் படியாமலும் இருக்கத்தான் அமிலம். அமிலம் விட்ட பாட்டிலில் பைகார்பனேட் அழிந்துபோகும், நைட்ரேட் பொய்யாக ஏறும். அதனால்தான் இரண்டாவது பாட்டில். எல்லாவற்றிலும் காகித லேபிள் ஒட்டி, அழகான கையெழுத்தில் பெயர் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், ஐஸ் உருகிய தண்ணீரில் 16 லேபிள்களும் பூ மிதப்பது போல் மிதந்தன.

அமிலம் விட்டது எது, விடாதது எது என்பதை, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளை வைத்து ஒரு நிமிடத்தில் பிரித்துவிட்டேன். எந்த ஊற்று எது என்பதுதான் தெரியவில்லை. களத்தில் மின்கடத்துதிறன் அளந்தாயே, அதை வைத்துப் பொருத்தக்கூடாதா என்று கேட்பீர்கள். பொருத்திப் பார்த்தேன். இரண்டு ஊற்றுகளின் அளவு பக்கத்துப் பக்கத்தில் நின்றது. அமிலம் விட்ட பாட்டில்களுக்கு அந்தச் சோதனையே செல்லாது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இது அளவீடு இல்லை, ஊகம். மறுபடி போ" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது.

அன்று ராத்திரி ஆயா பருப்பும் சோறும் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கவலை வேறு. "அந்தச் சுடுதண்ணி எடத்துக்கெல்லாம் நாங்க போனதே இல்ல பொண்ணு. வெள்ளக்காரனுக்கு மட்டும்னு போர்டு போட்டிருப்பான்" என்றார். பொது இடங்களை நிறவாரியாகப் பிரித்த சட்டம் 1953-இல் வந்து 1990-இல்தான் நீங்கியது. சட்டம் போனபோது தனக்கு முழங்கால் போய்விட்டது என்று சிரித்தார். முழங்கால் வலிக்கு நல்லது என்று மட்டும் வாழ்நாள் முழுக்கக் கேள்விப்பட்டிருக்கிறார்.

இரண்டாவது பயணம் மூன்று மாதம் கழித்து. இம்முறை பாட்டிலின் மேலேயே அழியாத மையால் எழுதி, மூடியிலும் எழுதி, அதன் மேல் ஒளிபுகும் டேப் சுற்றி, ஒவ்வொரு ஊற்றின் பாட்டில்களையும் தனித்தனி ஜிப் பையில் போட்டேன். பாட்டில் எண்களை அண்ணாவின் நோட்டிலும் எழுதி வைத்தேன்.

ஊற்று வாயில் நடக்கும் முதல் கால் மணி நேரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எல்லாமே அங்கேதான் தீர்மானமாகிறது. தண்ணீர் பாறையிலிருந்து வெளிவரும் இடத்துக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்க வேண்டும். இரண்டடி தள்ளிக் குட்டையில் எடுத்தால் வாயு போயிருக்கும், சூடு இறங்கியிருக்கும், இலையும் விழுந்திருக்கும். நீண்ட குச்சியில் பிளாஸ்டிக் குவளையைக் கட்டி, ஊற்று நீரிலேயே மூன்று முறை அலசி மொண்டேன். பிஎச் மீட்டரை டர்பனில் சரிபார்த்துவிட்டு வந்தால் போதாது. சரிபார்க்கும் கரைசல் பாட்டில்களை ஊற்றிலேயே சிறிது நேரம் முக்கி, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து சரிபார்த்தேன். எண் நிற்கும்வரை பொறுமை வேண்டும். முதல் பயணத்தில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைப் பிடித்து எழுதியவள் நான்.

பிறகு ஊசிக் குழாயில் உறிஞ்சி 0.45 மைக்ரான் வடிகட்டி வழியே தள்ள வேண்டும். அறுபது டிகிரிக்கு மேல் உள்ள தண்ணீர், மெல்லிய கையுறை. இரண்டு விரல் கொப்பளித்தது. காரத்தன்மையை இம்முறை அங்கேயே, மரத்தடியில், பக்கியின் பின்பலகையை மேஜையாக்கிப் பார்த்தேன். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொள்வது அண்ணாவின் வேலை. நிறங்காட்டி விட்ட நீரில் அமிலம் சொட்டுச் சொட்டாக விழ, நீலப் பச்சை நிறம் மெல்லச் சாம்பலாகி, ஒரே சொட்டில் ரோஜா நிறமாகும். "இதோ, குங்குமம் போட்டாச்சு" என்பார் அண்ணா. நான்காவது ஊற்றில் எனக்கு முன்னால் அவரே முடிவுப் புள்ளியைச் சொன்னார்.

சிலிக்காவுக்கும் (மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பொருள்) ஃப்ளோரைடுக்கும் கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது. கார நீர் கண்ணாடியையே கரைத்துச் சிலிக்காவைக் கூட்டிக் காட்டும்.

ஆய்வகத்தில் முதல் பரீட்சை மின்சுமைச் சமன்பாடு. தண்ணீருக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது. ஆகவே நேர் அயனிகளின் கூட்டும் எதிர் அயனிகளின் கூட்டும் ஒத்துப்போக வேண்டும், 5 சதவீத வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணுவது மாதிரி. மூன்று ஊற்றுகள் தேறின. ஒன்று 9 சதவீதத்தில் நின்றது. இரண்டு வாரம் தேடியபின், சோடியம் கருவியின் அளவெல்லையைத் தாண்டியிருப்பது தெரிந்தது. பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டியதும் இறங்கிவிட்டது.

அடுத்தது, தண்ணீர் ஆழத்தில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்ற கேள்வி. அங்கே வெப்பமானியை இறக்க முடியாது. கரைந்திருக்கும் சிலிக்காதான் வெப்பமானி. சூடு கூடினால் பாறையிலிருந்து கூடுதலாகக் கரையும், மேலே வரும்போது அவ்வளவு சீக்கிரம் படியாது. லிட்டருக்கு 60 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ், கால்சிடனி இரண்டும் சிலிக்காக் கனிமங்கள், தனித்தனிச் சூத்திரம் உண்டு. குவார்ட்ஸ் சூத்திரம் சுமார் 110 டிகிரி சொல்லும், கால்சிடனி சூத்திரம் 81 சொல்லும். இந்த அளவு சூட்டில் கால்சிடனிதான் பெரும்பாலும் பொருந்தும். நான் அதோடு நிறுத்தி, 25 டிகிரிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வகுத்து, மேலே சராசரி 20 டிகிரி என்று கழித்து, சுமார் 2.4 கிலோமீட்டர் ஆழம் என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

பேராசிரியர் பக்க ஓரத்தில் ஒரே சொல் எழுதினார்: "பிஎச்?"

பிஎச் 9.3 உள்ள நீரில் சிலிக்காவில் ஏறக்குறைய கால்வாசி அயனியாக உடைந்திருக்கும். சூத்திரமோ உடையாத சிலிக்காவுக்கு மட்டும் எழுதப்பட்டது. 60-ஐ 45 ஆக்கிக் கணக்கிட்டால் 81 டிகிரி 67-க்கு இறங்குகிறது, ஆழமும் 1.9 கிலோமீட்டராகக் குறைகிறது. ஒரு திருத்தத்தை மறந்ததில் பூமியில் அரை கிலோமீட்டர் அதிகமாகத் தோண்டியிருக்கிறேன். சோடியம், பொட்டாசியம் விகிதத்தை வைத்த சூத்திரங்களையும் போட்டுப் பார்த்தேன், நம்ப முடியாத உயரத்துக்குப் போயின. கிக்கன்பாக் 1988-இல் தந்த முக்கோண வரைபடத்தில் என் புள்ளிகளில் சில, பாறையோடு இன்னும் சமநிலைக்கு வராத "முதிராத நீர்" பகுதியில் விழுந்தன. அப்படிப்பட்ட நீரில் அந்தச் சூத்திரம் செல்லாது என்று அந்தப் படமே சொல்லிவிடும். ஐசோடோப்பு முடிவு மட்டும் எந்தத் தொல்லையும் தரவில்லை. உலகெங்கும் மழைநீரின் ஐசோடோப்புகள் விழும் "உலக மழைநீர்க் கோடு" என்ற கோட்டை ஒட்டியே எல்லாம் விழுந்தன. மழைத் தண்ணீர்தான், வேறு ஒன்றுமில்லை.

ஃப்ளோரைடைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சிலோவாம் நீரில் எலெக்ட்ரோடை வைத்ததும் எண் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. உலகச் சுகாதார நிறுவனமும் தென்னாப்பிரிக்காவும் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு அந்த 1.5தான். எனக்கு வியப்பு இல்லை. அந்தக் கிராமத்தின் நிலத்தடி நீரையும் பிள்ளைகளின் பற்களையும் பற்றி வெண்டா பல்கலைக்கழகத்தார் முன்பே எழுதியிருக்கிறார்கள். காரணமும் எங்கள் ஊர்க் கதைதான். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும். சோடியம் மிகுந்து கால்சியம் குறைந்த கார நீரில் பிடிக்க ஆளில்லை.

மூன்றாவது முறை போனது மாதிரி எடுக்க இல்லை. ஒரு பக்கத் தாளோடு ஊர்த் தலைவரிடம் போனேன். இம்முறை சரியாக "ஆ" என்றேன். ஒரு அம்மாள் குறுக்கிட்டு, "ஆறவைத்துக் குடித்தால் போய்விடுமா?" என்று கேட்டார். ஆறினாலும் போகாது, காய்ச்சினால் தண்ணீர் சுண்டி இன்னும் கூடும், குளிக்கவும் துவைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம், குடிக்க மட்டும் வேண்டாம், அதுவும் பல் உருவாகும் பருவத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்றேன். நம்பாத முகத்தோடு பார்த்தார். உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினேன். அவர் பக்கத்தில் நின்ற தன் பையனின் வாயைத் திறந்து பார்த்தார். வேறு குழாய் எங்கே இருக்கிறது என்று அதன் பிறகு பேசிக்கொண்டார்கள், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்தபோது, முதல் பயணத்துப் பாட்டில்கள் கட்டிலுக்கடியில் அப்படியே இருந்தன. அரை லிட்டர் பாட்டில் நான்கையும் தொடாமலே வைத்திருந்தேன். ஆயா எட்டிப் பார்த்து, "அந்தச் சுடுதண்ணியா? கீழ கொட்டாத, முழங்காலுக்கு ஊத்திக்கிறேன்" என்றார். ஒவ்வொன்றிலும் பிஎச் தாளை முக்கிப் பார்த்து, அமிலம் இல்லை என்று இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு, பானையில் ஊற்றிச் சுடவைத்துக் கொடுத்தேன். பின்வாசல் படியில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார்.

"இது எந்த ஊர்த் தண்ணி பொண்ணு?" என்றார்.

"அதுதான் ஆயா தெரியாது."