ராத்திரி வள்ளி, பகலில் டீச்சர்

நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், கட்டுகிறவளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று முதலில் கேட்டவர் எங்கள் நாடக ஏஜென்ட்தான். "இருக்கிற தேதிக்கே ஓடி ஓடி அலையிற, இதுல பிள்ளைகளுக்குப் பாட்டு வேறயா தாயி?" என்றார். நியாயமான கேள்வி. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இசை நாடகம் பிழைத்திருப்பதே கோயில் திருவிழாக்களால்தான். பங்குனி, சித்திரை, வைகாசியில் ராத்திரி மேடையேறினால் விடியும்போதுதான் அரிதாரம் கலைப்போம். அந்தத் தொண்டையோடு காலையில் வகுப்பெடுக்க முடியாது.

அதனால் பிள்ளைகளுக்கு வள்ளி திருமணம் நாடகம் சொல்லிக் கொடுக்கும் பள்ளி வேலையைப் புரட்டாசிக்குத் தள்ளிவைத்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்க வேண்டும், ஊர்த் திடலில் ஒருநாள் நடித்துக் காட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். தலைமையாசிரியைக்கு ஒரே பயம், கோமாளியாக வரும் பபூனின் காமெடி. விடலைகள் விசிலடிக்கும் அந்தப் பகுதியைப் பார்த்துத்தான் பலர் மொத்த நாடகத்தையும் எடைபோடுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் நானே போய் உட்கார்ந்து, எந்தக் காட்சி, எந்தப் பாட்டு என்று பாடியே காட்டினேன். பாதிப் பேருக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அப்புறம் எதிர்ப்பு அவ்வளவாக இல்லை.

விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தை முக்கால் மணி நேரமாக வெட்டுவதுதான் பெரிய பாடு. கடைசியில் தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டுவதையும், நாரதர் வந்து தர்க்கம் செய்வதையும் மட்டும் வைத்துக்கொண்டேன். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லும் எங்கள் இசை நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாரதராக வருபவரை அன்று ராத்திரி மேக்கப் போடும் இடத்தில்தான் பார்ப்பேன். பாட்டும் கதையும் இருவருக்கும் தெரியும். தர்க்கத்தில் அவர் எதை இழுப்பார் என்று தெரியாது. பிள்ளைகளுக்கும் அப்படியே விட்டேன். பாட்டைச் சொல்லிக் கொடுத்தேன், வசனத்தை எழுதித் தரவில்லை.

முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நாரதர் வேடப் பையன் சும்மா சீண்டினான்: "கிளி நாலு கதிர் தின்னா உங்க அப்பா சொத்து அழிஞ்சிடுமா?" ஏழாம் வகுப்பு வள்ளி கவணைக் கீழே வைத்தாள். "நாலு கதிரா? நேத்து எங்க வயல்ல மயில் வந்து பாதி நெல்லத் தின்னுட்டுப் போச்சு. நீ வந்து எங்கப்பாகிட்ட இதச் சொல்லு பாப்போம்!" வகுப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. பையன் விடவில்லை, காடு முதலில் யாருடையது என்று கேட்டான். பீரியட் முடிந்து மணி அடித்தும் நிற்கவில்லை. மேடையில் எனக்கு இப்படி ஒரு நாரதர் கிடைத்து நாளாயிற்று.

குரல் விஷயத்தில் கவனம் வேண்டும். நான் ஆறு கட்டைச் சுருதியில் மேல் ஸ்தாயியில் நின்று பாடுகிறவள். அதைக் கேட்டு அப்படியே கத்த ஆரம்பித்தார்கள். ஆர்மோனியத்தை நாலரைக் கட்டைக்கு இறக்கினேன். நானும் பாதிக் குரலில்தான் பாடினேன். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டுச் சிக்கல், வயசுக்கு வரும்போது குரல் உடைவது. அவர்களுக்கு வசனமும், ஆல்ரவுண்ட் என்கிற தாள வாத்தியங்களும் கொடுத்தேன். இது புதுச் சிக்கலும் இல்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா சிறுவர்களை வைத்தே நடந்தது. இப்படிச் சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் குரல் உடைந்த பையனுக்குப் பழைய வேடம் நிலைக்காது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கெடுபிடி தேவையில்லை என்பது என் கட்சி.

திடல் ஒத்திகைக்கு வந்த ஒரு பாட்டி, ஆலோலப் பாட்டில் நான் ஒரு சங்கதியை, ராக வளைவை, முழுங்கிவிட்டேன் என்று சொல்லி, தானே பாடிக் காட்டினார். சின்ன வயதில் சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்டதாம். அன்றிலிருந்து அவரும் வகுப்புக்கு வந்தார். மகளிர் குழுவினர் பழைய சேலைகளைக் கிழித்துப் படுதா தைத்துக் கொடுத்தார்கள். மைக் செட்டுக்கு மட்டும் கைக்காசு போட வேண்டியிருந்தது. பள்ளியிலிருந்து எனக்கு வர வேண்டிய பணம் தை பிறந்தும் வரவில்லை. இதையே நம்பி மேடையை விட்டுவிட முடியாது என்பதை வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரும் புரட்டாசிக்கு இரண்டு பீரியடைச் சேர்த்துத் தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். பபூனையும் சேர்க்கலாமாம், வசனத்தைத் தனக்கு முன்கூட்டியே காட்டினால். எழுதாத வசனத்தை எப்படிக் காட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.