58 பிரேம்

"டைரக்டர்கிட்ட கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். வேண்டாம்னுட்டார்."

நான் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போகும் நியாயங்களை எல்லாம் அது தெரிந்தே நீங்கள் படிக்க வேண்டும்.

காட்சி எளிமையானதுதான். வேலை முடிந்து அந்தப் பெண் வீட்டுக்கு வருகிறாள். பையை வைக்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள், அக்காவோடு போனில் பேசுகிறாள், உடை மாற்ற அலமாரியைத் திறக்கிறாள். பின்னாலிருந்து ஒரு கை வந்து வாயைப் பொத்துகிறது. மொத்தம் மூன்றரை நிமிடம். கை வரும்வரை வீட்டுக்குள் ஒருவன் இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் வெட்டியிருந்தேன்.

என் உதவி எடிட்டர், ஒதுக்கிவைத்த ஃபுட்டேஜிலிருந்து ஓர் இன்சர்ட் ஷாட்டை, ஒரு பொருளை மட்டும் நெருக்கத்தில் காட்டும் துண்டை, தேடி எடுத்திருந்தாள். வாசல் பூந்தொட்டி. அதன் அடியில் மாற்றுச் சாவி இருக்கும் என்பது முன்னால் ஒரு காட்சியில் வந்துவிட்டது. இந்த ஷாட்டில் தொட்டி லேசாக நகர்ந்திருக்கிறது, சாவி இல்லை. அவ்வளவுதான். 58 பிரேம். நொடிக்கு 24 என்று கணக்குப் போட்டால் இரண்டரை நொடிகூட வராது. அதைக் காட்சியின் தலையில் வைத்து ஓட்டிக் காட்டினாள்.

"ஆளைக் காட்ட வேண்டாம் சார். இது போதும். இதுக்கப்புறம் அவ தண்ணி குடிக்கறதைப் பாருங்க."

பார்த்தேன். அதே ஷாட், அதே நடிப்பு. ஆனால் அவள் அண்ணாந்து குடிக்கும்போது என் கண் அவளுக்குப் பின்னால் இருந்த இருட்டு நடையிலேயே நின்றது. அக்காவோடு பேசும் பேச்சு நீளம் என்று மூன்று தடவை குறைத்தவன் நான். இப்போது அவள் போனை வைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா லாக் பண்ணியாச்சேம்மா" என்றேன்.

அது பொய்யில்லை. இனி நீளம் மாறாது என்று லாக் செய்து, ஒலிக்கலவைக்குப் படம் போய்விட்டது. லாக் ஆன பிறகு நடுவில் 58 பிரேம் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள ஒலி முழுவதையும் அதே அளவுக்குத் தள்ள வேண்டும். ஆனால் அவள் அதையும் யோசித்திருந்தாள். கேட் திறக்கும் வைட் ஷாட்டிலிருந்து சரியாக 58 பிரேமை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் பொருத்தியிருந்தாள். நீளம் மாறவில்லை. சரி, டைரக்டரிடம் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கேட்காமல் வந்தேன்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன டைரக்டர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு டைரக்டர் த்ரூஃபோவிடம் சொன்ன மேசையடிக் குண்டு உதாரணம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்ப்பவர்களுக்குச் சொல்லாமல் வெடித்தால் 15 நொடி அதிர்ச்சி, முன்கூட்டியே சொல்லிவிட்டால் 15 நிமிடம் சஸ்பென்ஸ். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதே உரையாடலில் அவர் தன் 1936ஆம் வருடப் படமான சபோட்டாஜ் பற்றியும் பேசுகிறார். பையனின் கையில் இருப்பது குண்டு என்று நமக்குத் தெரியும். அவன் மேல் நமக்குப் பிரியமும் வந்துவிடுகிறது. கடைசியில் அது வெடித்தும் விடுகிறது. அது தவறு, ஜனங்கள் கோபப்பட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எங்கள் படத்திலும் அந்தப் பெண் அந்தக் காட்சியில் பிழைப்பதில்லை. ஆக, அந்த ஷாட் வேண்டாம் என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருந்தது. ஆனால் அது எனக்குத் தோன்றியது, பொய் சொல்லிப் பல வாரங்கள் கழித்து.

ஹிட்ச்காக்கின் வெர்டிகோவை நினைத்தால் இன்னும் சங்கடம். மூல நாவலின் கடைசியில் அவிழும் ரகசியத்தை 1958இல் வந்த அந்தப் படம் முன்னதாகவே உடைத்துவிடுகிறது. கூட இருந்தவர்கள் எல்லாரும் அதை எதிர்த்தார்கள் என்று ஹிட்ச்காக் சொல்லியிருக்கிறார். எதிர்த்தவர்கள் அவர் முகத்துக்கு நேராக எதிர்த்தார்கள். முடிவு அவருடையதாக இருந்தது. எங்கள் டைரக்டருக்கு அப்படி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்ததே தெரியாது.

தியேட்டரில் முதல் ஷோவை என் உதவி எடிட்டரோடு உட்கார்ந்துதான் பார்த்தேன். கை வருவதற்கு முன் ஃப்ரிட்ஜின் ரீங்காரத்தைக்கூட எடுத்துவிட்டு ஒன்றரை நொடி முழு மௌனம் வைத்திருந்தோம். அப்புறம் ஒரே அடி. அரங்கமே அலறியது. நான் அவள் பக்கம் திரும்பினேன். ஜெயித்த முகத்தோடுதான் திரும்பியிருப்பேன். அதற்குள் சிரிப்பு கேட்க ஆரம்பித்தது. படத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தாங்கள் பயந்ததை நினைத்து, பக்கத்திலிருப்பவரைத் தட்டிச் சிரித்தார்கள். திரையில் அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். பலூன் வெடித்தாலும் உடம்பு அப்படித்தான் துள்ளும். அதற்கு அந்தப் பெண் யார், அவளுக்கு அக்கா இருக்கிறாளா என்பதெல்லாம் தேவையே இல்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அலறினார்களே, அது வேலை செய்யவில்லையா என்று பல நாள் எனக்குள் கேட்டிருக்கிறேன். செய்தது. அதற்கடுத்து நான் வேலை பார்த்த படத்தில் இதேபோல ஒரு இன்சர்ட்டை, திறந்து கிடக்கும் ஜன்னல் கொக்கியை, நானே வைத்தேன். முன்னோட்டக் காட்சிக்கு வந்தவர்களில் பலர் அதைக் கவனிக்கவே இல்லை, கடைசியில் எடுத்துவிட்டோம். பூந்தொட்டியும் அப்படித்தான் தவறிப்போயிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் நிம்மதி வரும். அப்புறம், அந்தக் கொக்கியை அதற்கு முன் எங்கேயும் நாங்கள் காட்டவில்லை என்பது ஞாபகம் வரும். சாவியைக் காட்டியிருந்தோம்.

பயப்படுவதற்கு ஓர் ஆளை முதலில் கொடுக்க வேண்டும், அப்புறம் நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் சொல்லிவருகிறேன். அதை நான் முழுசாக நம்புகிறேனா, அவளுக்குச் செய்ததற்காக அப்படிச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

போன மாதம் அந்த டைரக்டரைச் சந்தித்தேன். பேச்சு அந்தக் காட்சிக்கு வந்தது.

"பூந்தொட்டி ஷாட் ஒண்ணு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? அதை ஏன் வைக்கலை?"

"நீளம் இடிச்சுது சார்."

தலையாட்டினார். பிறகு சந்தோஷமாக ஒரு செய்தி சொன்னார். அடுத்த படத்துக்கு அவள்தான் எடிட்டர். வேலை தொடங்கிவிட்டது. மறுபடியும் த்ரில்லர். தினமும் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, எந்த ஷாட்டை வைக்கலாம், எதைத் தூக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.