31ஆம் கிலோமீட்டருக்கு மேல்

நவம்பர் 17

தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புது வீட்டுச் சாவி வரவில்லை.

நவம்பர் 18

தம்பி பினாங்கிலிருந்து கூப்பிட்டான். பொங்கல் முடிந்த கையோடு புறப்படலாம் என்கிறான். கோலாலம்பூரிலிருந்து சியாங் மாய்க்கு நேரடி விமானம் இருக்கிறது. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டிப் போட்டுவிடலாம். மலையடிவாரத்துச் சோம் தோங்கில் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் தோய் இந்தனோன் ஏற வேண்டியது. தாய்லாந்திலேயே உயரமான இடம், 2,565 மீட்டர்.

"அண்ணே, உச்சி வரைக்கும் தார் ரோடு. வேற என்ன வேணும்?"

அவனுக்கென்ன. அவன் வீட்டை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை.

நவம்பர் 20

தூக்கம் வராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 1009ஆம் சாலை, அடியிலிருந்து உச்சிக்கு 48 கிலோமீட்டர். அடிவாரம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் சராசரி ஏற்றம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, யாரும் பயப்படமாட்டார்கள். சராசரியை நம்பித்தான் ஆட்கள் பாதியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுகிறார்கள். 31ஆம் கிலோமீட்டரில் பூங்கா அலுவலகம். அங்கே உயரம் சுமார் 1,300 மீட்டர்தான். அப்படியானால் மிச்சமுள்ள 17 கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். சராசரியே 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது, நடுவில் 10க்கு மேல் போகும் துண்டுகளும் உண்டு. அதுவும் 31 கிலோமீட்டர் மிதித்துக் களைத்த காலோடு.

மணி 2. அப்பா எழுந்து வாசல் விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் தினமும் இப்படித்தான்.

நவம்பர் 23

மழை. சைக்கிள் எடுக்கவில்லை. சாவிக்காக ஆபீசுக்குப் போன் செய்தேன், அடுத்த வாரம் என்றார்கள்.

நவம்பர் 24

அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். மார்கழியில் குடி போகக் கூடாது. டிசம்பர் 15க்குள் சாவி வந்தால் சரி. இல்லையென்றால் தை பிறந்த பிறகுதான், அதாவது தம்பி சொல்கிற அதே வாரம். தைப்பூசத்துக்குப் பிறகு போகலாமே என்றாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? பிப்ரவரியில் வடதாய்லாந்தில் காட்டையும் வயலையும் எரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரல் வரை புகைமூட்டம். அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு மலை ஏற எனக்கென்ன பைத்தியமா? தள்ளிப்போட்டால் அடுத்த நவம்பருக்குத்தான்.

"புகைன்னா வீட்லயே இரு" என்றாள்.

எந்த வீட்டில்?

நவம்பர் 26

டவுனில் சைக்கிள் கடை. கடைக்காரர் தவ்கே என் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பின் பல்சக்கரத்துக்கு 28 பல் போதாது என்று தலையாட்டினார். முன்னால் 34, பின்னால் 34 போட்டால் ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று. நிமிடத்துக்கு 60 மிதி, மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அதே வேகத்துக்கு 28 பல்லில் 50 மிதிகூட வராது, முழங்கால் கழன்றுவிடும். ஆனால் 34 பல் போட்டால் செயினைப் பல் மாற்றிப் போடும் என் பழைய டிரெய்லியர் எட்டாது. நீளக்கை உள்ளது வேண்டும், செயினும் புதிது வேண்டும். விலையைச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏழரை வேகத்தில் 17 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். நிற்காமல் போனால்.

அப்பாவின் ராலே சைக்கிளைப் பற்றியும் விசாரித்தார். இன்னும் ஓடுகிறது என்றேன். புது வீடு மூன்றாவது மாடி என்பதைச் சொல்லவில்லை.

நவம்பர் 29

பக்கத்து ஊர் லாசா வரை போய் வந்தேன். ஆறரைக்கெல்லாம் செம்பனைக்குள் பனி, லாரி இல்லை, நாய்கள்தான். எல்பில் தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் 1948 ஜூன் 16 ஞாபகம் வரும். அன்றைக்கு சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அதையொட்டி நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அப்பா அதற்குப் பிறகு பிறந்தவர். ஆனால் அதற்கப்புறம் தோட்டத்து லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்கம்பிக்குள் வைத்தது பற்றித் தாத்தா சொன்னதையெல்லாம், தானே பார்த்ததுபோலச் சொல்வார். சாமான் கட்ட நேரமே கொடுக்கவில்லையாம். இன்று பசியாறும்போது அதை மறுபடி ஆரம்பித்தார்.

"அப்போ தாத்தாவுக்கு நேரமே குடுக்கல. இப்போ எனக்கு நேரம் குடுத்துக் கொல்றானுங்க."

அப்புறம் திடீரென்று, "எந்த மலைய்யா அது? ரப்பர் பால் வாளி ரெண்ட கேரியர்ல கட்டிட்டு மேட்டுக்காட்டுல ஏறியிருக்கேன், கியர் எல்லாம் கெடையாது" என்றார். முட்டிவலிக்காரர். சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

டிசம்பர் 2

அடுத்த வாரம்.

டிசம்பர் 4

34 பல் வாங்கிவிட்டேன். மனைவியிடம் பாதி விலை சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 5

ஏறுவதைப் பற்றியே யோசித்து இறங்குவதை விட்டுவிட்டோம். என்னுடையது ரிம் பிரேக். 48 கிலோமீட்டர் இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். பயத்தில் கை அதைச் செய்யாது. தம்பிக்கு டிஸ்க், கவலை இல்லை.

குளிர் வேறு. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், அடிவாரத்தில் 25 என்றால் உச்சியில் 10. ஜனவரிக் காலையில் அங்கே புல்லில் உறைபனியே படியும். வியர்த்து நனைந்த சட்டையோடு அதில் இறங்கினால் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் பிரேக் எப்படிப் பிடிப்பது? காற்றுச்சட்டையும் முழுக் கையுறையும் கட்டாயம். இந்த ஊரில் கையுறை கேட்டால் குலை வெட்டவா என்கிறார்கள். வசிரதான் அருவி 21ஆம் கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது, திரும்பும்போது அங்கே நின்று ரிம்மை ஆறவிடலாம்.

டிசம்பர் 7

சைக்கிளுக்காகத் தவ்கேயிடம் கேட்டு வாங்கி வந்த அட்டைப்பெட்டியில் அம்மா குத்துவிளக்கையும் இட்லிச் சட்டியையும் அடுக்கிக் கயிறு போட்டுவிட்டாள். கோபம் வந்தது. மேலே கரித்துண்டால் 'சாமி' என்று எழுதியிருக்கிறாள். இனி அதை யார் பிரிப்பது.

டிசம்பர் 10

அந்த மலைக்குப் பெயர் சியாங் மாயின் மன்னர் இந்தவிசயானோன் நினைவாக வந்தது. காட்டின்மேல் அக்கறை கொண்டவர். 1897இல் இறந்தார், கேட்டுக்கொண்டபடி அவர் அஸ்தியை உச்சியிலேயே வைத்தார்கள். தம்பிக்கு அனுப்பினேன், கட்டைவிரல் காட்டினான்.

தாத்தாவும் பாட்டியும் தோட்டத்துச் சுடுகாட்டில். போன வருஷம் வரை நாங்களே புல் வெட்டினோம். அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விமானச் சீட்டின் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13

பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் மேடு. புதுப் பல் அருமை! உட்கார்ந்தபடியே ஏறினேன். மேலே போய்த் திரும்பி, இறங்கி, மறுபடி ஏறினேன். லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். இந்த மேடெல்லாம் அந்த 17 கிலோமீட்டருக்கு உறைபோடக் காணாது, தெரியும். இருந்தாலும் இன்றைக்கு யாரிடமும் சாவி பற்றிக் கேட்கவில்லை.

டிசம்பர் 14

அப்பா ராலேவுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டை மாற்றச் சொல்கிறார்.

டிசம்பர் 15

சாயங்காலம் 4.40க்குப் போன். சாவி தயாராம், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமாம். நாளைக்கு மார்கழி ஒன்று. இன்றைக்கே தர முடியுமா, 5 மணிக்குள் வந்துவிடுகிறேன் என்றேன். கையெழுத்துப் போடுகிறவர் கிளம்பிவிட்டாராம். அம்மா, சாவி வாங்கினால் குடி போனதாகாது, பால் மட்டும் தையில் காய்ச்சலாம் என்கிறாள். அப்பா, நான் தையிலும் வரவில்லை என்கிறார். தம்பி சீட்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டுவிட்டான், பாஸ்போர்ட் எண்